பட்டன்களுக்கு நடுவே தேய்ந்த இடம்

கார்களின் உள்பக்கப் பட்டன்களைப் புதுப்பிக்கிற கடை அது. கடைக்காரியை எல்லோரும் பட்டனக்கா என்றே கூப்பிட்டார்கள். விரலின் வியர்வையும் கைக்குப் பூசுகிற க்ரீமும் கண்ணாடி வழியே இறங்குகிற வெயிலும் சேர்ந்து முதலில் பட்டனின் எழுத்தைத் தின்னும். பிறகு மேல்பூச்சு பிசுபிசுக்கும். கடைசியில் வெளுத்த பிளாஸ்டிக் பல்லிளிக்கும். எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஓட்டுகிறவரின் சுபாவத்தைச் சொல்லிவிடுவாள்.

அன்று மதியம் பள்ளிக்கூட டிரைவர் வந்தார். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறவர்; இப்போது ஏழு பேர். பிள்ளைகளுக்கு அவர் மாமா. ஐந்து மாதத்துக்கு முன் பட்டன்கள் மேல் தடித்த புள்ளிகள் ஒட்டித்தரச் சொல்லியிருந்தார். "ரோட்டுலேர்ந்து கண்ண எடுக்காம ஓட்டலாம்ல" என்றார் அப்போது. என்ன பொறுப்பான மனுஷன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் புகழ்ந்திருந்தாள்.

"புள்ளியெல்லாம் மழுங்கிப்போச்சு தங்கச்சி. இன்னும் கொஞ்சம் பெருசா வை. மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும்."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தாள். புள்ளிகள் மழுங்கியிருந்ததில் அதிசயமில்லை. ஆனால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே, எந்த விரலுக்கும் வேலையில்லாத இடம், எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு விரல்கள் ஊர்ந்து ஊர்ந்து தடம் போட்டிருந்தன. சாவித் துவாரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கீறல்கள்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஸ்டூல் மேல துணி இருக்கு. எடுங்க."

அவர் கை ஸ்டூலின் விளிம்பைத் தொட்டது. அங்கிருந்து மெல்ல ஊர்ந்து துணியைக் கண்டுபிடித்தது.

"எத்தன மாசமா இப்படி?"

"ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. நடுவுல மட்டும் புகை மாதிரி. பழகின ரோடுதானே, எங்க மேடு எங்க திருப்பம்னு கைக்கே தெரியும்."

"குறுக்க ஓடிவர்ற புள்ள கைக்குத் தெரியுமா?"

"நேத்து ஏதோ ஒண்ணு வந்துச்சு. பின்னாடி உக்காந்ததுங்க கத்தினதால பிரேக் போட்டேன்." குரல் தாழ்ந்தது. "அது புள்ளையா நாயான்னு இப்பவும் எனக்குத் தெரியாது."

ஒளித்துவைத்ததில் தனக்கும் பங்கு உண்டு. புள்ளி ஒட்டியது தன் கைதானே என்று அவளுக்கு உறைத்தது. ஆண்டவனே, பெரிசாக எதுவும் நடப்பதற்குள் காட்டிக்கொடுத்தாய் என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, ஷட்டரை இறக்கினாள்.

"அந்தப் பக்கம் உக்காருங்க. நான் ஓட்டுறேன். நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போவோம், நானும் கூட வரேன்."

"பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கோட என் பொழப்பு முடிஞ்சுது. இன்னிக்கு மட்டும் ஓட்டு. டாக்டர் ஏதாவது சொட்டு மருந்து குடுப்பாரு. நாளன்னிக்கு நானே ஓட்டிடுவேன்."

அவள் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் வண்டியை நோக்கி ஓடிவந்தார்கள். கதவு திறந்து மூடும் சத்தத்தை அவர் தலைசாய்த்து எண்ணினார்.

"ஆறுதான் ஆச்சு. சின்னவளக் காணோமே. வழக்கமா அவதான் மொதல்ல வருவா."

சின்னவள் வண்டிக்கு நேர் முன்னால் நின்றிருந்தாள். முதுகில் பை. அவர் முகத்தைப் பார்த்தே இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவரும் நேராக அவளைப் பார்த்தபடிதான் காணோமே என்றார்.

பட்டனக்கா இறங்கிப் போய், குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் பக்கத்து ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"மாமா, உங்களுக்கு எவ்ளோ நேரமா டாட்டா காட்டுறேன். என்மேல கோவமா?"

அவர் கையை நீட்டினார். அது காற்றில் தடவி, பையைத் தொட்டு, பிறகே அவள் தலைக்கு வந்து சேர்ந்தது.

"கோவமெல்லாம் இல்லடா கண்ணு. ஏறிக்கோ."

பின்கதவு சாத்திய பிறகும் அவர் கை ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது.

"மொத வீட்டுலேயே பெத்தவங்ககிட்ட சொல்லிடறேன் தங்கச்சி" என்றார். "நீ பக்கத்துல மட்டும் நில்லு."