படார் சாத்திய கதவுகள்

"இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்கப்பா. ம்... அப்படியே வைங்க."

தந்தையின் கடைவாய்ப் பற்களின் மேல் அவள் பிரஷ்ஷை வட்டம் வட்டமாக, ஈறு நோகாமல் ஓட்டினாள். நாளொன்றுக்கு இருபது வாய் பார்த்துப் பழகிய பல் டாக்டரின் கை அது. அவர் படுத்த படுக்கையான இந்தப் பதினைந்து நாட்களாக அந்தக் கை காலையில் முதலில் பார்க்கும் வாய் இதுவாகத்தான் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தம்பி, தொடையில் காகித அட்டையை வைத்துக்கொண்டு, அப்பா சொல்லச் சொல்ல எழுதக் காத்திருந்தான்.

"படார் உள்ளே வர்றா," என்றார் அப்பா நுரைக்குள்ளிருந்து. "கோவமா வர்றா."

"அவ எப்பதான் கோவமில்லாம வந்திருக்கா? துப்புங்க."

துப்பினார். "கதவுகிட்ட வந்து நிக்கிறா."

"நின்னு அறையப் போறா. இதுக்கு எதுக்கு ஒரு எழுத்தாளர்? கதவே எழுதிடுமே!"

தம்பி சிரித்தான். அப்பாவும் சிரிக்க முயன்றார். அது இருமலாக முடிந்தது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

அவர் எழுதிவந்த நகைச்சுவைத் தொடருக்கு அது இருபத்தொன்றாம் ஆண்டு. வியாழன்தோறும் மாலை ஆறரை மணிக்கு ஒளிபரப்பாகும் அந்தத் தொடரில் ஒரு வீடு, அதில் நால்வர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் அப்பா. மூக்கின் மேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே அதை வீடெங்கும் தேடும் அம்மா. எந்தக் கேள்விக்கும் அரை நிமிடம் கழித்தே பதில் சொல்லும் மகன் ஜவ்வு. வாரம் ஒரு கதவையாவது அறைந்து சாத்தும் அவன் அக்கா படார். நால்வரையும் அவர் வெளியே போய்த் தேடவில்லை. தம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். நிஜ அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியும், தொடரில் இருப்பவள் இன்னும் கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

தம்பிக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் சிலர், தங்களைக் காப்பாற்ற வந்திருப்பது அந்த ஜவ்வு என்று தெரிந்ததும் பயம் மறந்து சிரிப்பார்கள். சிலர் வீட்டுக்குத் தொலைபேசியில் விடைசொல்லத் தொடங்குவார்கள். இரண்டையும் அவன் ரசித்தான். அவளால்தான் முடியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னால், அவளிடம் வருகிறவர்கள் முதலில் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்கள்.

தொடரின் மூன்றாம் ஆண்டு நடந்ததை அவள் மறக்கவில்லை. பல் மருத்துவப் படிப்பின் கடைசித் தேர்வில் அவள் முதலாவதாகத் தேறிய அதே வாரம், தொடரில் படார் பரீட்சையில் தோற்றாள். கதவை அவள் அறைந்த வேகத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரம் விழுந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு இவள் அந்தத் தொடரின் முன் உட்காருவதை விட்டுவிட்டாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது நாட்கள் குறைந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு முறை, போவதற்குள் ஒரு முறை, 'நீ அவள் இல்லையம்மா' என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"அப்பா, எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுது."

"தெரியும். படாருக்கு இருபதுதான். அவ உடம்பை நல்லா பார்த்துக்கிறா."

"விளையாடாதீங்க. நான் எவ்வளவோ மாறிட்டேன்பா. உங்க கண்ணுல அது படவே இல்லையா? இன்னும் அந்தக் கதவுகிட்டயே என்னை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"சிரிப்புத் தொடர்ல ஆளை மாத்தக் கூடாதும்மா. வெளியில வாரம் பூரா எல்லாமே மாறுது. ஆறரை மணிக்கு ஒரு வீடாவது அப்படியே இருக்கட்டுமேன்னுதான் வந்து உட்கார்றாங்க."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"ஒரு நரி இருந்துச்சாம்," என்று தொடங்கினார் அவர்.

"ஆரம்பிச்சிட்டார்டா," என்றாள் தம்பியிடம்.

"சின்ன வயசுல ஒரு குளத்தை எட்டிப் பார்த்துச்சாம். உள்ளே ஒரு குட்டி நரி முறைச்சுதாம். கோவிச்சுக்கிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகலையாம். கிழடு தட்டின பிறகும், 'அந்தக் குளத்துல ஒரு குட்டி நரி இன்னும் முறைச்சுக்கிட்டே கிடக்கு'ன்னு காடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தண்ணி தாகம் எடுத்திருக்கும். முதல்ல வாயைக் கழுவி விடு. மிச்சத்தைச் சொல்றேன்."

கொப்பளிக்கக் கொடுத்து, உதட்டைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கழுவ அவள் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்த கையோடு, "அக்கா!" என்ற குரல் கேட்டது. எதையும் அரை நிமிடம் கழித்தே சொல்லும் தம்பி அன்று உடனே கூப்பிட்டிருந்தான். கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

மறுநாள் நண்பகலுக்குள் அப்பாவின் இறுதிச் சடங்கும் முடிந்துவிட்டது. வீடு கொள்ளாத கூட்டம். தொடரின் ஒளிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், எதிர்வீட்டார், என்றைக்கோ அவரோடு ரயிலில் பேசிக்கொண்டு வந்தவர் என்று யார் யாரோ வந்தார்கள். அழுகையோடு வந்தவர்கள், அப்பா எழுதிய ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, மறுபடி அழுதார்கள். தொலைக்காட்சியில் காலை முதல் பழைய பகுதிகளையே போடுகிறார்கள் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அவள் இணைப்பையே பிடுங்கி வைத்திருந்தாள். தேநீர்த் தட்டோடு அவள் கூடத்துக்குள் வந்தபோது, முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் மரியாதையாக எழுந்து, கதவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லைங்க, சாத்த மாட்டேன்," என்றாள் அவள்.

தட்டோடு அவள் சமையலறைக்குத் திரும்பியபோது, அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அது படாராக நடிக்கும் நடிகை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றாள். இரண்டு முறைதான் அவர்கள் இதற்குமுன் சந்தித்திருந்தார்கள்.

"ஐயோ, நீங்க ஏன் இதெல்லாம்..."

"இருக்கட்டும்கா. சும்மா உட்கார்ந்தா அழுகை வருது." கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு ஆறு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். அந்த மஞ்சத் துண்டு யாருதுக்கா?"

"எந்த மஞ்சத் துண்டு?"

"அம்மா தூங்குறப்போ படார் கதவிடுக்குல வைப்பாளே, சத்தம் வரக்கூடாதுன்னு. ஐயா மஞ்சத் துண்டுன்னு எழுதியிருந்தார். கடையில நீலம்தான் இருந்துச்சு. துண்டுதானே, எந்த நிறமா இருந்தா என்னன்னு கேட்டுட்டோம். அவர் கோவப்பட்டு நான் பார்த்தது அன்னிக்கு மட்டும்தான். மஞ்சள் வந்து சேர்ற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை."

அவள் தட்டை மேடையில் வைத்தாள். அம்மாவின் கடைசி மாதங்கள். மருந்து மயக்கத்தில் கண்ணயரும் அம்மா சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வாள். தன் பல் மருத்துவமனையின் மஞ்சள் துண்டை மடித்துக் கதவிடுக்கில் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு சாத்துவாள் இவள். அப்பா அப்போதெல்லாம் பக்கத்து அறையில், தாளில் தலையைக் கவிழ்த்திருப்பார்.

"படார் கதவை அறையத்தானே செய்வா?" என்றாள் மெல்ல.

"அறைவேன், அறையாம விடுவாங்களா? ஆனா எப்படி அறையணும்னு ஐயா மாத்திக்கிட்டே வந்தார். ஆரம்பத்துல ஓங்கி ஒரே அறைதான். பிறகு, நடுவுல ஜவ்வோட விரல் இருக்கான்னு பார்த்துட்டு அறையணும்னு எழுதினார். அப்புறம், அறைஞ்சுட்டு நாலு எண்ணி, திரும்பத் திறந்து, 'யாருக்காவது டீ வேணுமா?'ன்னு கேட்கணும். அதே கோவத்தோட கேட்கணும், அதுதான் கஷ்டம். இப்ப ஜனங்க கைதட்டுறது அறைக்கு இல்லைக்கா, அந்த டீக்குத்தான்." நடிகை நிறுத்தினாள். "நீங்க... பார்க்கிறதில்லையா?"

"மூணாவது வருஷத்தோட விட்டுட்டேன்."

"அடக் கடவுளே! அப்போ நீங்க பச்சைக் குழந்தை படாரைத்தான் பார்த்திருக்கீங்க."

குழாயில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது; நடிகைதான் எட்டி அதை மூடினாள்.

கூடத்துக்கு வந்து, தொலைக்காட்சியின் இணைப்பை அவளே செருகினாள்.

"டேய், அந்தத் துண்டு வர்ற வாரம் எது?"

தம்பி அவளைப் பார்த்தான். துண்டு அங்கே தொங்குவதுபோல் விட்டத்தைப் பார்த்தான். அரை நிமிடம் ஆயிற்று. "பதினஞ்சாவது வருஷம். என் பென் டிரைவ்ல இருக்கு. அக்கா, நிஜமாவா கேட்கிற?"

"போடுடா."

நாற்காலிகள் நகர்ந்தன. தேநீரோடு நின்றவர்கள் அப்படியே சுவரில் சாய்ந்தார்கள். திரையில் அந்த அம்மா கண்ணாடியைத் தேடியபோது முதல் சிரிப்பு எழுந்தது. ஜவ்வு அதற்குப் பதில் சொல்லி முடித்தபோது கூடமே குலுங்கியது. அவள் மட்டும் நடுக் கூடத்தில், திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா அது நடுவுல?" என்று உரக்கக் கேட்டார் காது மந்தமான பெரியப்பா. "நகரும்மா. பொண்ணு வர்ற நேரம், ஒண்ணும் தெரியலை."

"நகர்ந்துட்டேன் பெரியப்பா," என்று அவர் காலடியில், தரையில் உட்கார்ந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நடிகையும் வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

திரையில் படார் உள்ளே வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். கட்டிலில் அயர்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவை நோக்கி நடந்தாள். பெரியப்பா வழக்கம்போல இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, கண்களை இறுக மூடினார்.

மஞ்சள் துண்டின் மேல் கதவு வந்து அமர்ந்தது. சத்தமே வரவில்லை. பெரியப்பா மட்டும் இன்னும் தோள்களைக் குறுக்கிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தார். சிறிது நேரம் கழித்து அவள் எட்டி, அவர் கைகளை ஒவ்வொன்றாகக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.