தேய்ந்த குழல்

அபிராமியும் யோகேஸ்வரியும் ஒரே துவக்கால்தான் சுட்டார்கள். துப்பாக்கி சுடும் கழகத்தில் பெண்களுக்கென்று இருந்த ஐம்பது மீற்றர் துவக்கு அது ஒன்றுதான். சனிக்கிழமைகளில் ஒருத்தி படுத்துச் சுட, மற்றவள் பின்னால் இருந்து தொலைநோக்கியில் புள்ளி பார்த்துச் சொல்வாள். பிறகு இடம் மாறுவார்கள். அபிராமி வெள்ளவத்தைக்காரி, புறக்கோட்டையில் அப்பாவின் ஹார்ட்வெயார் கடையைக் கவனிப்பவள். யோகேஸ்வரி கொட்டாஞ்சேனையில் இருந்தாள், களுபோவில ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிய கூட்டு.

அந்த வருஷம் தேசிய அணித் தெரிவு நெருங்கியபோது துவக்கு அபிராமியைக் கைவிடத் தொடங்கியது. அதுவும் ஒரேயடியாக அல்ல. பத்து ரவை சுட்டால் ஒன்பது குண்டு இலக்கின் நடுவில் நெருக்கமாக விழும். பத்தாவது காரணமே இல்லாமல் விலகிப்போகும். அவள் கண்ணைப் பரிசோதித்தாள், கோப்பியை விட்டாள், வேறு ரவை வாங்கிப் பார்த்தாள். குழல் தேய்ந்திருக்கலாம் என்று பயிற்றுநர் விக்ரமன் ஒருநாள் சொன்னார். அவள் ஏற்கவில்லை. பெரிய துவக்குகளின் குழல்தான் சில ஆயிரம் ரவைகளில் போய்விடும், இந்தச் சின்ன ஈய ரவைக்கு ஓர் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று வாசித்திருந்தாள். தனக்கு முன் எத்தனை பேர் அதில் சுட்டார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

யோகேஸ்வரிக்கும் புள்ளி குறைந்தது. இரவு டியூட்டிக் களைப்பு என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அந்தச் சொல்லைத்தான் அபிராமி பிடித்துக்கொண்டாள். தெரிவுக்கு முந்திய சனிக்கிழமை, பத்தாவது ரவை மறுபடியும் விலகியதும் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"டியூட்டி முடிச்சு அலுப்பில வாறாய். துவக்கைத் துடைக்காமல் வச்சிட்டுப் போறாய். உள்ளுக்குக் கறள் பிடிச்சு, துருவேறிப் போச்சு."

யோகேஸ்வரி தொலைநோக்கியை மூடி வைத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். தெரிவுக்கும் வரவில்லை. அபிராமி தனியே போய்ச் சுட்டுத் தோற்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோகேஸ்வரி மேல்தான் கோபம்.

சில மாதங்கள் கழித்துக் கழகம் புதுக் குழல் தருவித்தது. அபிராமி படுத்துச் சுட்டாள். பத்தும் நடுவில் விழுந்தன. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து விக்ரமன், கழற்றிய பழைய குழலுக்குள் சின்னக் கமராவை விட்டுக் காட்டினார். ரவை புறப்படும் அடிப்பக்கத்தில் உலோகம் அரித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. சுட்டுச் சுட்டு வந்த தேய்வு. அதற்கப்பால் குழல் முழுக்கப் பளபளத்தது. கறள் என்று ஒரு புள்ளி இல்லை.

"கடற்காத்து அடிக்கிற ஊரில இப்படி வச்சிருக்கிறது லேசில்ல," என்றார் அவர். "நல்லாப் பார்த்திருக்கிறீங்க ரெண்டு பேரும்."

கடைசி மாதங்களில் துவக்கைத் துடைத்து வைத்தது யோகேஸ்வரி மட்டும்தான். அபிராமிக்குக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனாள். யோகேஸ்வரி கதவைத் திறந்து, உள்ளே வா என்றாள். பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தாள். அபிராமி குழலைப் பற்றிச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், திரும்பி வரச் சொன்னாள். யோகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கறள் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள்.

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீ என்னட்டக் கேக்கேல்ல, அபி. எல்லாருக்கும் சொன்னாய்."

இனிச் சுட வரமாட்டேன் என்று யோகேஸ்வரி கோபமில்லாமல்தான் சொன்னாள். சனிக்கிழமைகளில் இப்போது மத்தியானம் வரை நித்திரை கொள்கிறாளாம். அது உடம்புக்கு நல்லாயிருக்கிறதாம். பிறகு அபிராமியின் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள், ஒரு மருந்தின் பெயரும் சொன்னாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் ஏறும்போது அபிராமி, "வாறன்," என்றாள். யோகேஸ்வரி தலையாட்டினாள். எப்போது என்று அவள் கேட்கவில்லை.