தம்பி கொடுத்த மஜ்ஜை

ஈரத் துணியை முழங்கைவரை கொண்டுபோனவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் துடைக்கப் பயமாக இருந்தது. அண்ணனின் தோல் வெங்காயச் சருகாக உரிந்திருந்தது. உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் துடைத்து உடை மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே அவனும் அண்ணியும் மட்டும்தான்.

திரைக்கு வெளியே பெரியப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பிக்காரன் மட்டும் எலும்பு மஜ்ஜை குடுக்கலைன்னா இவன் போன வருஷமே போயிருப்பான். கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கணும்."

ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குச் செருப்படியாக விழுந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அதனால்தான் வார்டின் சின்ன டாக்டர் போன மாதம் விளக்கியது சட்டென்று புரிந்துபோனது. பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குச் செய்தி போவதுபோல, மஜ்ஜையில் பிறக்கும் ரத்த அணுவுக்கும் வெளியிலிருந்து கட்டளை வருகிறது. அது உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், நீ வளர், நீ காவலுக்குப் போ என்கிறது. அப்படி வளர்ந்த தம்பியின் அணுக்கள், அண்ணனின் தோலையும் குடலையும் அந்நியம் என்று முடிவுகட்டி அடிக்கத் தொடங்கிவிட்டன. கட்டளையை வழியிலேயே மறிக்க ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

"உங்க அணுக்கள் ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் சிக்கல்" என்றார் சின்ன டாக்டர்.

அண்ணனிடம் அவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை; மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிவந்தான். "உன் ரத்தம் ஊற ஆரம்பிச்சதுலேருந்து எனக்கும் மூக்கு மேல கோபம் வருதுடா" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

இனிமேலும் அடக்கிவைக்க முடியவில்லை. "அண்ணி, அண்ணனை அந்த நோய் கொல்லலை. நான் குடுத்ததுதான்..."

"தெரியும் தம்பி."

அவள் பையிலிருந்து முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து உதறினாள்.

"அவருக்கும் தெரியும். மருந்து ஒத்துக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னதே அவர்தான். நிஜம் உங்க காதுல விழக் கூடாதுன்னார். உடைஞ்சு போயிடுவீங்களாம்."

இத்தனை நாளும் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவனுக்கு அண்ணன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான்.

"வண்டி வந்துடும். அந்தக் கையைத் தூக்குங்க."

தூக்கினான். சட்டை முழங்கையில் சிக்கியது.

"மெதுவா" என்றாள் அண்ணி. "அவருக்கு வலிக்கும்."

"சரி அண்ணி" என்று சட்டைக் கையைத் தளர்த்திப் பிடித்து, அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினான்.