மாரிச்சாமி எதிர் இசோகாவா

மாரிச்சாமி பிறந்ததிலிருந்து டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் இன்று மத்தியானம் ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்தது அவர் பெயர்தான். மகள் ரேணுகாதேவிக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் செல்போன் ஸ்கோரில் மேலே ‘மாரிச்சாமி’, கீழே ‘இசோகாவா’. அந்த இசோகாவாவுக்குப் பதினேழே வயதாம். இந்த வருஷம்தான் பெரியவர்களோடு ஆட வந்தவளாம், போன இடமெல்லாம் ஜெயிக்கிறாளாம்.

படமெல்லாம் கிடையாது, வெறும் எண்கள். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே அவர் காட்டில் வரப்பின் ஒரு மூலையில்தான் சிக்னல் நிற்கும். மழைக்காக உழுதுபோட்ட நிலத்தில் நாலு எட்டு நடப்பதும், நெட் போய்விடுமோ என்று பதறி அதே மூலைக்கு ஓடி வருவதுமாக இருந்தார்.

விஷயம் இதுதான். ஐப்பசிக்குள் உலகத் தரவரிசையில் ஒரே ஒரு புள்ளியாவது வாங்கு, இல்லையென்றால் மட்டையை மூட்டை கட்டிவிட்டுக் கயத்தாறு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு என்று மகளிடம் கறாராகச் சொன்னவர் அவரேதான். இந்த ஆட்டம் ஜெயித்தால் அந்தப் புள்ளி கிடைக்கும். இதை விட்டால் வேறு ஆட்டம் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா வேல்ராஜ் முடிவு கேட்டு இன்றைக்குக் கூப்பிடுவார். நியாயமாகப் பார்த்தால் மகள் தோற்கத்தான் அவர் ஆசைப்பட வேண்டும். காலையில் அப்படித்தான் ஆசைப்பட்டார்.

முதல் செட் ஆறு–மூன்று, மாரிச்சாமிக்கு.

“அண்ணாச்சி, ஜப்பான்காரியவே அடிச்சுப் போட்டீரே!” என்றார் பக்கத்துக் காட்டுச் சிவனாண்டி.

“பதினஞ்சு, முப்பது, அடுத்து நாப்பதுங்கான். எந்தக் கிறுக்கன்வே இவனுக்குக் கணக்குப் படிச்சுக் குடுத்தான்?” என்று எரிந்து விழுந்தார் மாரிச்சாமி.

இரண்டாவது செட்டில் ஐந்து–நான்கு, நாற்பது–முப்பது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து வேல்ராஜ் கூப்பிட்டார். எடுத்துப் பேசினால் நெட் நின்றுபோகும். யோசிக்காமல் துண்டித்தார். திரை திரும்ப வந்தபோது நாற்பது–நாற்பது. கொஞ்ச நேரத்தில் செட்டும் ஐந்து–ஏழு என்று கைவிட்டுப் போனது.

மூன்றாவது செட்டில் வேல்ராஜ் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்.

“எடுத்துப் பேசும்வே, சம்பந்தி வீடுல்லா,” என்றார் சிவனாண்டி.

“நீரு உம்ம சோலியப் பாரும்.”

நான்கு–ஆறு. இசோகாவா பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது.

சிவனாண்டி தன் காட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார். ரேணுகாதேவி பதினோரு வயதில் விளையாட்டு விடுதிக்குப் போன பிள்ளை. இந்தப் பத்து வருஷத்தில் அவள் ஆடியதை ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. மாரிச்சாமிக்கு வெட்கமாக இருந்தது.

அரை மணி கழித்து மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, தோத்துட்டேன். ஊருக்கு வாரேன். கயத்தாத்துக்குச் சரின்னு சொல்லிருங்க.”

“அவிய மூணு தடவ கூப்பிட்டாவ. நான் எடுக்கல.”

“ஏன்ப்பா?”

“நாப்பது–முப்பதுல வச்சுக் கோட்ட விட்டுட்டு என்கிட்ட ஏன்னு கேக்கியேட்டி! அந்த ஜப்பான் பிள்ளகூட மறுபடி எப்ப ஆடுத? அதச் சொல்லு மொதல்ல.”