பெத்தணனுக்குத் திரும்பு பாட்டு

செய்யது அபுதாஹிருக்கு முப்பது வருஷமாகச் சோறு போட்டது கிளாரினெட். விருதுநகரில் கல்யாண பேண்டு செட்டில் தொடங்கியவரை, மும்பை ஓட்டல் ஒன்று ஜாஸ் ஊதக் கூட்டிக்கொண்டு போனது. கூடவே போனவர் அச்சங்குளத்துப் பெத்தணன், டிரம்பெட் ஊதுகிறவர். பழைய பாணி ஜாஸில் டிரம்பெட்தான் பாட்டை நேராக ஊதும். கிளாரினெட் அதைச் சுற்றிச் சுற்றிப் படரும். பெத்தணன் பந்தல் என்றால் அபுதாஹிர் கொடி. ஓட்டல்காரர்களுக்கு ஜாஸ் சலித்ததும் இருவரும் ஊருக்கே திரும்பி, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊதினார்கள். பேர் வாங்கினார்களா என்றால் இல்லை. வயிறு காயவில்லை, அவ்வளவுதான்.

ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸில், சாவுக்குப் போகையில் அழுகைப் பாட்டும் அடக்கம் முடிந்து திரும்புகையில் துள்ளல் பாட்டும் ஊதுவார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பெத்தணனுக்கு அதே கிறுக்கு.

"நம்ம ரெண்டு பேருல எவன் முந்துறானோ, மத்தவன் திரும்பி வாறப்ப ஊதணும். சத்தியம் பண்ணுங்க மாமா" என்று கையில் அடித்து வாங்கியிருந்தார்.

மாரடைப்பு வந்து பெத்தணனே முந்திக்கொண்டார்.

அச்சங்குளத்தில் வழக்கம் தலைகீழ். போகும்போதுதான் தப்பு மேளமும் ஆட்டமும் வெடியும். பட்டாசு செய்கிற ஊரில் வெடிக்குப் பஞ்சமா என்ன? கொள்ளி வைத்துவிட்டால் மூச்சுக் காட்டாமல் வீடு வந்து சேர வேண்டும். சுடுகாட்டுக் குழாயடியில் பெத்தணனின் தம்பி சிவபாண்டி தலை துவட்டும்போது அபுதாஹிர் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"என்ன பாய் பேசுதீக? அண்ணனை எரிச்சுட்டுக் கொட்டடிச்சுக்கிட்டு வந்தா ஊரு காறித் துப்பாதா? மதினி மொகத்துல எப்பிடி முழிக்க?"

அவன் சொன்னதும் நியாயம்தான். செத்தவனுக்குக் கொடுத்த வாக்குக்காக, இருக்கிறவளை நோகடிக்கலாமா? மக்காச்சோளக் காடு, பட்டாசுக் கம்பெனிச் சுவர் எல்லாம் தாண்டும்வரை அபுதாஹிருக்கு இதே ரோதனை. தெரு முக்கு வந்தது. இதற்கு மேல் போனால் வீடு வந்துவிடும்; சத்தியம் சத்தியமாக இராது. பையைத் திறந்து, கழற்றி வைத்திருந்த கிளாரினெட்டைப் பொருத்தினார்.

ஊதினார். பரிதாபமாக இருந்தது. முப்பது வருஷமும் அடுத்தவன் பாட்டைச் சுற்றியே படர்ந்தவருக்கு, நடுவில் பாட்டு இல்லாமல் வெறும் நெளிவும் சுழிவும்தான் வந்தது. கூட்டம் முகம் சுளித்தது.

"நிப்பாட்டுங்க பாய்!" என்று சிவபாண்டி பாய்ந்தான்.

அதற்குள் வீட்டு வாசலில் பெண்கள் பிடித்து இழுக்க, உதறிக்கொண்டு வந்தாள் பெத்தணனின் மனைவி வெள்ளைத்தாய். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அபுதாஹிர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"நிறுத்தாதீக அண்ணே" என்றாள். "அவுக ஊதுத எடம் காலியாக் கெடக்கு."

அபுதாஹிர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். வெள்ளைத்தாய் பாடினாள். வார்த்தை கிடையாது, தா, ரா என்று, கட்டைக் குரலில், டிரம்பெட் வருகிற இடமெல்லாம் தப்பாமல். வீட்டு மாடியில் புருஷன் வருஷக்கணக்காக ஊதிப் பழகியதைச் சோறு வடித்துக்கொண்டே கேட்டவள் அல்லவா? சிவபாண்டி தோளிலிருந்த ஈரத்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டான்.

ஊதுகிறவன் அழக்கூடாது. உதடு நடுங்கினால் சுரம் கோணிப்போகும். அன்றைக்கு அபுதாஹிருக்குக் கோணித்தான் போயிற்று. அவள் கோணாமல் பாடிக்கொண்டிருந்தாள்.