ஹேவர்டின் மரத்தில் வெள்ளை முடி

செப்டம்பரில் எங்கள் ஊராட்சி ஒரு வேலை ஆரம்பித்தது. எங்கள் தீவான நியூஃபவுண்ட்லாந்தின், கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழம் காய்க்கும் நாட்டு டாக்பெரி மரங்களைக் கண்டுபிடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவது. ஐரோப்பாவிலிருந்து வந்த வகையும் ஏறக்குறைய அதே மாதிரி இருப்பதால், பார்த்துச் சொல்ல தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து நோரீன் என்ற தாவரவியலாளர் வருவதாக ஏற்பாடு. ஊராட்சி எழுத்தரான நான் அடையாளங்களை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். நாட்டு மரத்துக்கு இலை ஒடுங்கிக் கூராக முடியும், மொட்டு பிசுபிசுக்கும், பூவும் பழமும் சின்னவை. வந்த மரத்துக்கு இலை நுனி மழுங்கல், இலையடியிலும் மொட்டிலும் வெள்ளை முடி, பழம் பெரிசு.

ஹேவர்ட் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி செலினாவின் அண்ணன் லுவெலின். ஆளுக்கொரு டாக்பெரி.

"மச்சான், உன் மரம் கப்பல்ல வந்தது. உன்ன மாதிரியே சோம்பேறியா நிக்குது பாரு" என்றார் லுவெலின்.

ஹேவர்ட் பூதக்கண்ணாடியோடு தன் மரத்தைச் சோதித்தார். பழம் பிளம்ஸ் அளவு தெரிந்தது. மொட்டில் வெள்ளை முடி. இலையைப் பார்க்கும் தெம்பு போய்விட்டது. வேலிக்கு மேலாக வெறும் கண்ணால் லுவெலினின் மரத்தைப் பார்த்தார். பொடிப் பழம், முடியே இல்லை.

நோரீன் வரும் நாள் விடியற்காலையில் லுவெலின் காட் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். ஹேவர்ட் வேலி தாண்டிப் போய்ப் பத்துக் கிளைகளை வெட்டி வந்து, தன் மரத்தில் தூண்டில் நரம்பால் கட்டினார்.

"மரத்து மேல என்னய்யா பண்றே?" என்றாள் செலினா.

"பறவைக்குக் கூடு."

"செப்டம்பர்லயா?"

பத்து மணிக்கு நோரீன் ஹேவர்டின் மரத்தில் சாத்திய ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கைக்கு எட்டிய இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நுனி மழுங்கல். அடியில முடி. வந்த மரம்."

மீனோடு திரும்பியிருந்த லுவெலின் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹேவர்டுக்குக் காது சிவந்துவிட்டது.

"அது என் கிளை இல்லம்மா" என்று உளறிவிட்டார்.

நோரீனின் விரல் கிளையைக் கட்டியிருந்த தூண்டில் நரம்பில் பட்டது. எல்லாரும் லுவெலின் மரத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது.

நோரீன் ஹேவர்டின் மரத்துச் சொந்தக் கிளையை வளைத்தார். இலைகள் கத்திபோல ஒடுங்கியிருந்தன.

"இது நாட்டு மரம்தான் ஐயா."

"மொட்டுல முடி இருக்கே?"

அவர் மொட்டை அழுத்தினார். கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. முடியை இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். "பூனை முடி. மொட்டு பிசினா இருக்கறதால ஒட்டியிருக்கு. பூனை வளக்கறீங்களா?"

"வெள்ளப் பூனை. எந்நேரமும் மரத்துலதான்" என்றாள் செலினா.

"பூத்தப்ப எடுத்த போட்டோ இருக்கா?"

செலினா உள்ளே போய் ஜூன் மாதப் படமொன்றை எடுத்து வந்தாள். வாயைத் திறந்தபடி ஹேவர்ட் நாற்காலியில் தூங்க, தலைக்கு மேலே வெள்ளைப் பூங்கொத்து.

"பூவும் சின்னதுதான்" என்றார் நோரீன். பூவைத்தான் பார்த்தாரா என்று சந்தேகம், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பலகையை நான் அப்போதே ஹேவர்டின் மரத்தில் மாட்டினேன்.

"என் கிளையெல்லாம் இருந்த எடத்துல திருப்பிக் கட்டு மச்சான்" என்றார் லுவெலின். ஹேவர்ட் சாயங்காலம் வரை கட்டினார்.

நான்கு நாளில் அந்தக் கிளைகளின் இலைகள் சுருண்டு பழுப்பாயின. வெளிநாட்டு மரம் அப்படித்தான், பனிக்காலத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும் என்று லுவெலின் தபால்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.