விருந்துக்கு ஒரு காட்டு மான்

பிளாக்டவுனில் யதுர்சனின் வீட்டுக் கராஜ்தான் அவருடைய கேற்றரிங் தொழிலுக்குக் குசினி. வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கே சுபாங்கன் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். எண்ணெய் ரின்னில் சாய்த்து வைத்த போனில் அவன் மனைவி கமலினி முல்லைத்தீவிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தாள்.

"விசாவுக்கு மெடிக்கல் முடிஞ்சுதப்பா. இனி உங்கட பொலிஸ் றிப்போட் ஒண்டுதான் மிச்சமாம். கெதியா எடுத்து அனுப்புங்கோ."

"ஓம், ஓம். அடுத்த கிழமை போடுறன். எனக்கென்ன, ஒரு பார்க்கிங் தண்டம்கூட இல்லை," என்று சிரித்தான் சுபாங்கன். கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா, சந்தோஷத்தாலா என்று அவனுக்கே தெரியாது.

படகில் இந்த நாட்டுக்கு வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காகத் தொங்கி, ஒருவழியாக நிரந்தர விசாவைக் கண்டவன் அவன். ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லாததால் அவளைத் திருச்சிக்கு வரவழைத்துப் போன வருடம் அங்கே தாலி கட்டி, ஒரு மாதத்தில் தனியே திரும்பி வந்தான். மனைவியைக் கூப்பிடும் கணவன் மேல் பொலிஸ் வழக்கு எதுவும் இருக்கக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார். அன்று தொடக்கம் மஞ்சள் விளக்கைக் கண்டாலே கேற்றரிங் வானை நிறுத்திவிடுகிற ஆள் ஆகிவிட்டான்.

போனை வைத்ததும் யதுர்சன் உள்ளே வந்தார்.

"சுபாங்கன், நாளைக்கு விடிய வெள்ளன வானை எடுக்க வேணும். ஹெலன்ஸ்பர்க் பக்கம்."

"கோயிலுக்கோ அண்ணை?"

"கோயிலுக்கில்லை. இளங்கீரன்ர ஐம்பதாவது பிறந்தநாளெல்லோ ஞாயிற்றுக்கிழமை. மான் பிரட்டல் கேக்கிறார். காட்டு மான்."

எங்கள் சனத்துக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. ஒரு வீட்டு விருந்தில் ஒரு கறி புதிதாக வந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. முதலில் நண்டு வந்தது, பிறகு முழு ஆடு வந்தது. போன வருடம் யாரோ ஒருவர் மான் போட்டார். அன்று முதல் மான் இல்லாத பார்ட்டி பார்ட்டியே இல்லை என்றாகிவிட்டது. பண்ணையில் வளர்த்த மானை இறைச்சிக் கடையில் முறையாக வாங்கலாம். ஆனால் கடை மானில் என்ன பெருமை இருக்கிறது? "இது காட்டிலயிருந்து நேரா வந்தது" என்று கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால்தானே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அண்ணை, அந்தப் பக்கம் தேசியப் பூங்காவெல்லோ? அங்க சுடக்கூடாதெண்டு போர்ட் போட்டிருக்கு."

"டேய், மான் இந்த நாட்டுச் சீவனே இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட பீடை. காட்டை அழிக்குதெண்டு அரசாங்கமே ஆள் வைச்சுச் சுடுது. நாங்கள் ஒண்டைச் சுட்டா அவங்களுக்கு உதவி. என்னட்ட லைசென்ஸும் இருக்கு, பிறகென்ன?"

லைசென்ஸ் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த மாநிலச் சட்டப்படி, வேட்டைக்கென்று ஒதுக்கிய அரசாங்கக் காடுகள் வேறே இருக்கின்றன. அங்கே போவதற்கும் முன்கூட்டியே அனுமதி எடுத்து, இன்ன நாளில் இன்ன காட்டில் நிற்கிறேன் என்று பதிய வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக்குப் போகவே முடியாது. கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறவர் பள்ளிக்கூட மைதானத்துக்குள் ஓட்டலாமா? யதுர்சனுக்கு இது தெரியாமலில்லை. ஒதுக்கிய காடுகள் தூரம், பூங்கா பக்கம். அவ்வளவுதான் அவருடைய நியாயம்.

சுபாங்கனுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முகாமிலிருந்து வெளியே விட்ட நாளில், மாற்றுச் சட்டைகூட இல்லாமல் நின்றவனைக் கூட்டிவந்து, அறை கொடுத்து, தன் பிள்ளைகளோடு ஒன்றாக இருத்திச் சோறு போட்டவர் யதுர்சன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவன் அவன். நினைப்பதற்கும் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நீ சுட வேண்டாமடா. வானை மட்டும் ஓட்டு," என்றார் யதுர்சன்.

மறுநாள் கோயிலுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டும்போது சுபாங்கனின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சனிக்கிழமை, பெருமாளுக்கு உகந்த நாள். காலைப் பூசைக்கு வந்தவர்களின் கார்கள் கோயில் பக்கம் திரும்ப, இவர்களின் வான் மட்டும் நேரே போய்ப் பூங்காவின் ஓரத்தில், ஆளில்லாத ஒரு கிளை றோட்டில் நின்றது.

பனி இன்னும் விலகவில்லை. பள்ளத்துக்கு அப்பால் ரூசா இனத்து மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. யதுர்சன் துவக்கைத் தூக்கிச் சுட்டார். மான் துள்ளித் திரும்பியது. மறுபடி சுட்டார், விழுந்தது.

"முதல் வெடி எங்க போனது அண்ணை?"

"எங்கயாவது மரத்தில ஏறியிருக்கும். வா, தூக்குவம்."

இருவரும் மூச்சு வாங்க மானை இழுத்து வந்து, சாப்பாட்டுத் தட்டுகள் ஏற்றுகிற வானின் பின்பக்கத்தில் போட்டு நீலத் தறப்பாளால் மூடினார்கள். யதுர்சன் துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் காலடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சோதனை பாஸான பிள்ளையின் களை. சுபாங்கன் வானை எடுத்தான். வீடு போய்ச் சேர்ந்தால் போதும், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தான்.

றோட்டின் நட்டநடுவே ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பட்டுச் சேலை, காலில் ஓட்டச் சப்பாத்து, நெற்றியில் குங்குமம். சேலையின் முன்பக்கம் முழுதும் இரத்தம். பக்கத்துப் புல்லில் ஒருவர் சாய்ந்து கிடந்தார்.

"நிப்பாட்டாத. விலத்தி வெட்டி எடுத்துக்கொண்டு போ," என்றார் யதுர்சன் பல்லைக் கடித்துக்கொண்டு.

வெட்டி எடுக்க றோட்டில் இடமும் இல்லை, சுபாங்கனுக்கு மனமும் இல்லை. அந்தப் பெண்ணை அவனுக்குத் தெரியும். ராகவி அன்ரி. முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிடந்தவர் அவர் கணவர் கணேசலிங்கம் அங்கிள். இருவருக்கும் அவன் எத்தனையோ விருந்துகளில் பரிமாறியிருக்கிறான்; நாளைக்கு இளங்கீரன் வீட்டிலும் பரிமாற இருந்தான்.

ராகவி ஓடி வந்து கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, நீரே! கடவுளே, நல்ல வேளை. டொக்டர் நடக்கச் சொன்னவர் எண்டு பூசைக்கு முந்தி இவரோட இந்தப் பாதையால நடந்தனான். எங்கயோ இருந்து வெடி வந்து கெண்டைக்காலைத் துளைச்சிட்டுது. போனில சிக்னலே இல்லை. மயங்கிப் போறார். காலை உயர்த்திப் படுக்க வைக்க வேணும். பின் கதவைத் திறவும்."

சுபாங்கன் யதுர்சனைப் பார்த்தான். முதல் வெடி எங்கே ஏறியது என்று இருவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. யதுர்சனின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"பின் கதவு லொக் பழுது அன்ரி. திறக்கேலாது. முன்னால இருத்துங்கோ."

"இருத்தினா சரிஞ்சு விழுவார். இரத்தம் போகுது தம்பி. கதவை உடைச்செண்டாலும் திறவுங்கோ!"

யதுர்சன் சுபாங்கனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "திறந்தா நான் மட்டுமில்லையடா, நீயும்தான் உள்ள. ஓட்டினது நீ. கமலினியை நினைச்சுப் பார். விடு, மேல ஏறிப் போய் அம்புலன்சுக்கு அடிச்சுச் சொல்லிவிடுவம்."

ஆப்பிழுத்த குரங்காகச் சுபாங்கன் உட்கார்ந்திருந்தான். அண்ணை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கதவைத் திறந்தால் மான் தெரியும், மான் தெரிந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் கமலினி வரமாட்டாள். இத்தனை வருடமும் எதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தானோ, அது அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. திறக்காவிட்டாலோ, அம்புலன்ஸ் இந்தப் பள்ளத்தைத் தேடிப் பிடித்து வரும்வரை அங்கிள் இருப்பாரா? அவனுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. வானைவிட்டு இறங்கி எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

புல்லிலிருந்து கணேசலிங்கம் ஏதோ முனகினார். சுபாங்கன் அண்ணையின் கையை விலக்கிவிட்டு இறங்கினான்.

"கதவு பழுதில்லை அன்ரி," என்று சொல்லித் திறந்தான்.

தறப்பாள் விலகியிருந்தது. மானின் கண் திறந்தபடி ராகவியைப் பார்த்தது. ராகவி மானைப் பார்த்தார், முன் சீற்றின் கீழே தெரிந்த துவக்குப் பெட்டியைப் பார்த்தார், பிறகு சுபாங்கனின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை. ஆனால் நாற்பது வருடம் நேர்ஸாக இருந்தவருக்கு முதலில் நோயாளிதான்.

"அதை ஒரு பக்கம் தள்ளிப்போட்டு இவரைத் தூக்கும்," என்றார்.

மானுக்குப் பக்கத்தில் கணேசலிங்கத்தைக் கிடத்தினார்கள். சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினார் ராகவி. கணேசலிங்கம் அரைக்கண் திறந்து பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு தெரியாதே தம்பி? அதுக்குப் பக்கத்திலயே கிடத்திப் போட்டீர்," என்று முனகினார். அந்த நிலையிலும் மனிதருக்குப் பகிடி.

வான் மேடேறியது. சிக்னல் வந்ததும் சுபாங்கன் அம்புலன்சுக்கு அடித்து, துவக்குச் சூடு என்று மறைக்காமல் சொன்னான். ஊர் முகப்பில் இருக்கிற பெற்றோல் நிலையத்தில் நிற்கச் சொன்னார்கள். பொலிசும் வருமாம்.

"ஆரோ வெள்ளைக்காரன் சுட்டுப்போட்டு ஓடிட்டான், நாங்கள் றோட்டில கண்டு ஏத்தினம் எண்டு சொல்லுவம்," என்று யதுர்சன் கெஞ்சினார். "மானை இப்பவும் தள்ளிவிடலாம். அன்ரி, நீங்களும் கொஞ்சம்... எனக்கும் பிள்ளையள் இருக்கு."

ராகவி காலை அமுக்கிப் பிடித்தபடி இருந்தார். சுபாங்கன்தான் வாய் திறந்தான்.

"அண்ணை, நீங்க எனக்குச் சோறு போட்டனீங்கள். சாகும்வரை மறக்கமாட்டன். ஆனா இந்த இரத்தத்தை மறைக்கிறதுக்கு என்னைக் கேக்காதேங்கோ."

அம்புலன்ஸ் முதலில் வந்தது. இரத்தம் நிறையப் போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று சொல்லிக் கணேசலிங்கத்தை ஏற்றினார்கள். பின்னால் வந்த பொலிஸ்காரியிடம் சுபாங்கன் தானாகவே போனான். தெரிந்த இங்கிலீசில், எங்கே சுட்டது, யார் சுட்டது, ஓட்டியது தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் பெயரைக் கேட்டாள், பிறகு விசாவைக் கேட்டாள். அவன் சொன்னான்.

யதுர்சன் வானில் சாய்ந்து நின்று ராகவியைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "பீடைதானே அன்ரி. அரசாங்கமே சுடுற மான்தானே. மனுசரைச் சுட வேணும் எண்டு நான் நினைப்பனோ?"

அம்புலன்சில் ஏறப்போன ராகவி திரும்பினார்.

"நீர் நினைக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும் யதுர்சன். அதுக்காகத்தானே சட்டம். மான் பீடையா இருக்கட்டும். அதைச் சுடுறதுக்கு ஒரு காடு, ஒரு நாள், ஒரு அனுமதி எண்டு வைச்சது மானைக் காப்பாத்த இல்லை. மானுக்குப் பின்னால ஆர் நடந்து வருகினம் எண்டு துவக்குப் பிடிச்சவருக்குத் தெரியாது. அதாலதான் வைச்சது. பூங்கா எங்கள் எல்லாருக்கும் உரியது. நாங்கள் அங்க பயமில்லாமல் நடக்க வேணும் எண்டால் நீர் அங்க சுடக்கூடாது. இவ்வளவுதான் விசயம்."

அம்புலன்ஸ் புறப்பட்டது. அந்த நேரம் பார்த்து வானின் முன்பக்கத்தில் கிடந்த யதுர்சனின் போன் அடித்தது. திரையில் இளங்கீரன் பெயர். யதுர்சன் அசையவில்லை. பொலிஸ்காரி பார்த்துக்கொண்டிருக்க, சுபாங்கன் எடுத்தான்.

"என்ன யதுர்சன், மான் விழுந்துதோ?" சந்தோஷக் குரல். பின்னால் மேசை கதிரை இழுக்கும் சத்தம். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் கண்டியளோ, காட்டு மான் எண்டு!"

"சுபாங்கன் கதைக்கிறன். மான் விழுந்தது அண்ணை. உங்கட பார்ட்டிக்கு வர இருந்த கணேசலிங்கம் அங்கிளும் விழுந்திட்டார். அதே துவக்கால."

இளங்கீரன் குறுக்கிட முதல் சுபாங்கன் தொடர்ந்தான்.

"சுட்டது யதுர்சன் அண்ணை. ஓட்டினது நான். நாங்கள் ரெண்டு பேரும் அதுக்குப் பதில் சொல்லத்தான் வேணும். என்ர மனுசி இனி வருவாளோ தெரியாது. ஆனா கேட்டது நீங்கள் அண்ணை. திருட்டு மான் வேணும் எண்டு கேக்கிற வாய் இருக்கும் மட்டும், சுடுறதுக்கு ஒரு கை இருந்துகொண்டுதான் இருக்கும். இனி ஆரிட்டையும் கேக்காதேங்கோ."

"ஐயோ தம்பி, நான் எங்க... எனக்கு இதில ஒண்டும்..." என்று இளங்கீரன் தொடங்கினார்.

சுபாங்கன் மேற்கொண்டு கேட்கவில்லை. போனைப் பொலிஸ்காரியின் கையில் கொடுத்தான்.